கோல்ஃப் மைதானப் புல்ல கடுங்குளிர்ல எப்படி காப்பாத்துறது? நம்ம ஊர் ஆளுங்க கேட்ட கேள்விங்க

நான் கானாடுகாத்தான் பக்கத்து ஆளு. கனடால ஒன்டாரியோ மாகாணத்துல ஒரு கோல்ஃப் மைதானத்துல 11 வருசம் புல்லு பராமரிப்பு வேலை பாத்துட்டு இப்ப ஊருக்கே திரும்பி, பழைய வீடுகள ஹோட்டலா மாத்தியிருக்கவங்களுக்கு லான் போட்டு குடுக்குறேன். ஊருக்கு வந்ததுலருந்து பாக்குறவங்க எல்லாம் ஒரே மாதிரி கேள்விய கேக்குறாங்க, அந்த வேலைக்கு கெளம்புற பசங்களும் போன் பண்ணி கேக்குறாங்க, அதான் ஒரே எடத்துல எழுதி வச்சிடுறேன்.

ஒரு விஷயம் மட்டும் முன்னாடியே. தமிழ்ல எல்லாத்தையும் பனின்னே சொல்லிடுறோம், இங்க அது சரிப்படாது. வானத்துலருந்து பஞ்சு மாதிரி விழுறத ஸ்னோன்னும், தரையில தண்ணி இறுகி கண்ணாடியா கெடக்குறத ஐஸுன்னும், ராத்திரி புல்லு மேல வெள்ளையா படியுறத உறைபனின்னும் எழுதுறேன். மூணும் புல்ல மூணு விதமா பாதிக்கும்.

மைனஸ் 20 டிகிரின்னு சொல்றீங்களே, அதுல புல்லு எப்படிங்க உயிரோட இருக்கு?

எங்க அப்பத்தா கேட்ட மொத கேள்வியே இதுதான். நெல்லு வெவசாயம் பாத்தவங்களுக்கு இத ஈஸியா சொல்லிடலாம். நெல்லுக்கு தூர் இருக்குல்ல, அந்த மாதிரி ஒவ்வொரு புல்லுக்கும் மண்ண ஒட்டி ஒரு தூர் இருக்கு, அங்க கிரவுன்னு சொல்வாங்க, குருத்து, வேரு எல்லாமே அதுலருந்துதான் கெளம்பும். இலை பழுப்பாகி கருகிப் போனாலும் தூர் உயிரோட இருந்தா புல்லு உயிரோட இருக்குன்னு அர்த்தம். குளிர்காலத்துல நாம பண்ற அத்தனை வேலையும் இந்த அரை இஞ்சு கூட இல்லாத தூர காப்பாத்தத்தான்.

செப்டம்பர் கடைசிலருந்து குளிர் கொஞ்சம் கொஞ்சமா ஏற ஏற, புல்லே தன்ன தயார் பண்ணிக்கும். தூர்ல இருக்கிற தண்ணிய கொறச்சுக்கும், சக்கரைய சேத்து வச்சுக்கும். பாகு காய்ச்சி ஃப்ரீசர்ல வச்சுப் பாருங்க, பச்சத்தண்ணி கல்லாகுற மாதிரி அது ஆகாது, அதே கதைதான் இங்கயும். டிசம்பர் ஜனவரில நல்லா இறுகி நிக்கும், அப்ப மைனஸ் 20 வந்தாலும் தாங்கும். ஆனா பிப்ரவரி கடைசில, மார்ச்சுல ரெண்டு நாள் வெயில் அடிச்சா போதும், வசந்தம் வந்துடுச்சுன்னு நம்பி அந்த இறுக்கத்த விட்டுடும். ஆபத்து அப்பதான். நடுக்குளிர விட குளிர் முடியுற நேரம்தான் எங்களுக்கு தூக்கம் வராது.

நம்ம அருகம்புல்ல கொண்டு போய் அங்க போட்டா என்ன? அது எதுலயும் சாகாதே?

நல்ல கேள்வி. கல்யாண வீட்டுல ஆல் போல் தழைத்து அருகு போல் வேரோடின்னு வாழ்த்துறோமே, அந்த அருகம்புல்லுதான் உலகத்துல நெறைய கோல்ஃப் மைதானத்துல பெர்முடா கிராஸுங்கற பேர்ல இருக்கு. கிரீனுக்கு, அதாவது பந்த உருட்டி குழியில போடுற ஒட்ட வெட்டுன புல்லு எடத்துக்கு, போடுறது அதோட ஒட்டு ரகம், இன்னும் நைசா இருக்கும், ஆனா சாதி அதேதான். அது வெயிலுக்குப் பொறந்த புல்லு. குளிர் வந்தா பழுப்பாகி தூங்கிடும், டெல்லி பக்கம் அதனாலதான் குளிர்காலத்துல பச்சை தெரியட்டும்னு அது மேலயே ரை கிராஸுங்கற குளிர்காலப் புல்லு வெதைய தூவி விடுவாங்க. ஒன்டாரியோ குளிர்ல அந்த தூக்கம் தூக்கமாவே போயிடும், எந்திரிக்காது.

அங்க கிரீன்ல பெரும்பாலும் ரெண்டு புல்லு. ஒண்ணு கிரீப்பிங் பெண்ட்கிராஸ், நாம வெதச்சு வளக்குறது. இன்னொண்ணு போவா ஆனுவா, அது தானா வந்து குடியேறுறது. பாக்க ரெண்டும் பச்சைதான், ஆனா குளிர தாங்குறதுல ரொம்ப வித்தியாசம். பெண்ட்கிராஸ் கெட்டி, போவா சீக்கிரம் போயிடும்.

அப்ப புல்ல கொல்றது குளிர்தானே?

இங்கதான் எல்லாரும் தப்பா நெனைக்கிறாங்க, நானும் மொத ரெண்டு வருசம் அப்படித்தான் நெனச்சேன். பெண்ட்கிராஸ் கிரீன்ல வெறும் குளிர்னால மட்டும் சாகுறது கொறச்சல். கொல்றது தண்ணி.

எப்படின்னா, மார்ச்சுல ஒரு நாள் பகல்ல 8 டிகிரி வரும், ஸ்னோ உருகும், அடியில மண்ணு இன்னும் கல்லா உறஞ்சு கெடக்கும், அதனால உருகுன தண்ணி கீழ எறங்க வழி இல்லாம பள்ளமான எடத்துல நிக்கும். இறுக்கத்த விட்ட தூர் அந்த தண்ணிய குடிச்சு உப்பிடும். அன்னிக்கு ராத்திரியே மைனஸ் 15 போனா, உள்ள இருக்கிற தண்ணி ஐஸ் ஆகி, தண்ணி ஐஸ் ஆனா சுமார் 9 சதவீதம் பெருசாகும்ல, செல்லு எல்லாம் கிழிஞ்சிடும். கிரவுன் ஹைட்ரேஷன்னு சொல்வாங்க. கொடுமை என்னன்னா மறுநாள் பாத்தா பச்சையாத்தான் இருக்கும். சில நாள் கழிச்சு வெயில் ஏறுனப்பறம்தான் வைக்கோல் நெறத்துக்கு மாறும்.

நான் வேலை பாத்த எடத்துல ஏழாவது கிரீன் பள்ளத்துல இருந்துச்சு. அதுல வடிகால் போடணும்னு புல்லு பராமரிப்புக்கு தலைவரா இருந்த எங்க சூப்பரின்டென்டன்ட் ரெண்டு வருசமா கேட்டுக்கிட்டே இருந்தாரு, நிர்வாகத்துல அடுத்த வருசம் அடுத்த வருசம்னு தள்ளிட்டாங்க. ஒரு மார்ச்சுல ஒரே ராத்திரில முக்கால்வாசி கிரீன் போச்சு. அந்த மனுசன் முட்டி போட்டு உக்காந்து புல்ல கையால தடவிப் பாத்துக்கிட்டே இருந்தாரு, எனக்கு இன்னும் கண்ணுல நிக்குது. ஜூன் கடைசி வரைக்கும் அந்த கிரீன தெறக்க முடியல.

நம்ம பக்கத்து பெரிய வீட்டு வளவுல நாலு பக்கத்து கூரைத் தண்ணியும் முற்றத்துல வந்து விழுது, ஐப்பசி அடமழையா இருந்தாலும் மழை விட்ட கொஞ்ச நேரத்துல தரை காஞ்சிடுது, ஏன்னா கட்டுனவங்க தரைய மட்டம் பாத்து வாட்டம் வச்சு வெளிய போக வழி விட்டிருக்காங்க. நல்ல கிரீனும் அப்படித்தான் இருக்கணும். மேல தண்ணி எந்தப் பக்கமும் தங்காம ஓடணும், ஓரத்துல வருசக்கணக்கா மண்ணும் மணலும் சேந்து வரப்பு மாதிரி ஒசந்துடும், அத வெட்டி வழி விடணும். குளிருக்கு முன்னாடி ஒரே ஒரு வேலைதான் பண்ண முடியும்னு என்னக் கேட்டா, அந்த வரப்ப வெட்டுங்கன்னுதான் சொல்வேன்.

ஐஸ் மூடிக்கிட்டா எத்தன நாள் தாங்கும்?

பொதுவா அந்த தொழில்ல சொல்ற கணக்கு, போவா 45லருந்து 60 நாள், பெண்ட்கிராஸ் 90 நாளுக்கு மேல. ஐஸுக்கு அடியிலயும் புல்லு மெதுவா மூச்சு விட்டுக்கிட்டுதான் இருக்கும், மண்ணுல இருக்கிற கிருமிகளும் மூச்சு விடும், ஐஸ் காத்த உள்ள விடாது, கெட்ட வாயு வெளிய போகாது. ஐஸ ஒடச்சா ஒரு புளிச்ச நாத்தம் அடிக்கும் பாருங்க, அந்த நாத்தம் வந்தா எங்களுக்கு வயித்த கலக்கும், புல்லு மூச்சு முட்டியிருக்குன்னு அர்த்தம்.

அதனால ஐஸ் மூடுன தேதிய எழுதி வைக்கணும். காலண்டர்ல குறிச்சு நாள எண்ணணும். பத்தாம் நாளே பதறி ஒடைக்கப் போனா மெஷினாலயே புல்ல கிழிச்சிடுவோம். நாள் நெருங்குதுன்னா ஏரேட்டர் வச்சு ஓட்டை போடலாம், இல்ல கருப்பு மணல் தூவலாம், கருப்பு வெயில இழுத்து ஐஸ அங்கங்க தேன்கூடு மாதிரி ஆக்கிடும். ஆனா உருகுன தண்ணி அன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள கிரீன விட்டு எறங்கியாகணும். எறங்க வழி இல்லன்னா ஐஸ தொடாதீங்க, மேல சொன்ன கிரவுன் ஹைட்ரேஷன நாமளே கூப்புட்ட மாதிரி ஆயிடும்.

ஸ்னோவ அள்ளிப் போட்டுட வேண்டியதுதானே?

வேணாம். ஸ்னோ புல்லுக்கு கம்பளி. வெளிய மைனஸ் 25 அடிச்சாலும் நல்ல தடிமனான ஸ்னோவுக்கு அடியில மண்ணு பூஜ்யம் டிகிரிய ஒட்டியேதான் நிக்கும். அத எடுத்துட்டா குளிரும் நேரா அடிக்கும், காத்தும் அடிச்சு புல்ல காய வச்சிடும். மார்ச்சுல பெரிய மழை வரப்போகுது, ஸ்னோவுக்கு அடியில ஐஸ் இருக்குன்னு தெரிஞ்சா அப்ப யோசிச்சு அள்ளலாம், அதுவும் வாரம் பூரா வானிலை பாத்துட்டு.

கிரீன் மேல ஆளுங்க ஸ்கீயிங் போறது, ஸ்னோமொபைல் ஓட்டுறது எல்லாம் கூடாது. மிதிபட்ட ஸ்னோ கட்டி ஐஸ் ஆயிடும். நாங்க நவம்பர்லயே சுத்தி கயிறு கட்டிடுவோம்.

எப்பலருந்து தயார் பண்ண ஆரம்பிக்கணும்?

ஆகஸ்ட் கடைசிலயே. நவம்பர்ல ஆரம்பிச்சா லேட்டு.

கிரீன் புல்லு வெயில் காலத்துல சுமார் 3 மில்லிமீட்டர் ஒசரம்தான் இருக்கும், ரெண்டு ஒரு ரூபா காசு அடுக்குனா கிட்டத்தட்ட அந்த ஒசரம்தான். செப்டம்பர் பாதிலருந்து வெட்டுற மெஷின கொஞ்சம் கொஞ்சமா ஒசத்தி 4 மில்லிமீட்டர் கிட்ட கொண்டு போகணும். இலை கொஞ்சம் கூட இருந்தாத்தான் வெயில்ல சமைச்சு சக்கரைய சேத்து வைக்கும். பந்து மெதுவா உருளுதுன்னு மெம்பருங்க சண்டைக்கு வருவாங்க, பொறுமையா சொல்லிப் புரிய வைக்கணும்.

உரத்துல யூரியா மாதிரி தழைச்சத்த கடைசில அள்ளிப் போட்டா புல்லு இளசா கொழுகொழுன்னு நிக்கும், அது மொத குளிர்லயே போயிடும். பொட்டாஷ் மண்ணு டெஸ்ட் பாத்து தேவைக்கு மட்டும், கூடப் போட்டா ஸ்னோ மோல்டுங்கற பூஞ்சாண நோய் அதிகமாகுதுன்னு ஆய்வுல பாத்திருக்காங்க.

அடுத்து நெழல். இத பத்தி நெறைய பேசணும் எனக்கு. அங்க இலையுதிர் காலத்துல சூரியன் தெக்கால சாஞ்சு தாழ்வா போகும், கிரீனுக்கு தெக்கயும் கெழக்கயும் பெரிய மரம் இருந்தா சக்கரை சேக்க வேண்டிய நேரத்துல நாள் பூரா வெயிலே படாது, மார்ச்சுல ஐஸும் அங்கதான் கடைசியா உருகும். நாங்க ஒரே கிரீன்ல பாத்தோம், நெழல் விழுந்த பாதி செத்துப்போச்சு, வெயில் பட்ட பாதி பொழச்சுக்கிச்சு, கோடு போட்ட மாதிரி இருந்துச்சு. மரத்த வெட்ட யாருக்கும் மனசு வராது, எனக்கும் வராது, நம்ம ஊர்ல ஒரு வேப்பமரத்துக்கு எவ்வளவு யோசிப்போம். அதனால மொதல்ல கிளைய கழிச்சுப் பாருங்க, ஒரு வருசம் நெழல் எங்க விழுதுன்னு போட்டோ எடுத்து வச்சு, வேற வழியே இல்லன்னாத்தான் மரம்.

கடைசியா, ஸ்னோ விழுறதுக்கு முன்னாடி கிரீன் மேல மணல் கொஞ்சம் தடிமனா போட்டு தூர மூடணும். மேட்டுல காத்துக்கு நேரா இருக்கிற கிரீனுக்கு இது ரொம்ப முக்கியம்.

ஸ்னோ மோல்டுன்னா என்ன?

ஸ்னோவுக்கு அடியில வர்ற பூஞ்சாணம். ரெண்டு வகை. கிரே ஸ்னோ மோல்டுக்கு ஸ்னோ ரெண்டு மாசம் போல மூடிக் கெடக்கணும், ஸ்னோ போனதும் சாம்பல் நெறத்துல வட்டம் வட்டமா தெரியும், கிட்டப் போய் இலையப் பாத்தா கடுகு மாதிரி குட்டி குட்டியா உருண்டை ஒட்டியிருக்கும், அதுதான் அடுத்த வருசத்துக்கு அதோட வெதை. பிங்க் ஸ்னோ மோல்டுக்கு ஸ்னோவே வேணாம், குளிரும் ஈரமும் போதும், அதனால அது இன்னும் தொல்லை.

மருந்து அடிக்கிறது ஸ்னோ நெலையா விழுறதுக்கு முன்னாடிதான், அப்பறம் அடிக்க வழியே இல்ல. சீக்கிரம் அடிச்சா மழையில போயிடும், நாள் தள்ளுனா ஸ்னோ முந்திக்கும். லைசன்ஸ் இருக்கவர் மட்டும்தான் அங்க அடிக்கலாம், டப்பாவுல போட்டிருக்கிற அளவுக்கு மேல ஒரு சொட்டு கூட கூடாது.

பைப்புல இருக்கிற தண்ணி உறஞ்சா வெடிச்சிடாதா?

வெடிக்கும். அதான் அக்டோபர் கடைசி, நவம்பர்ல ப்ளோ அவுட்டுன்னு ஒரு வேலை. ரோடு ஒடைக்க இழுத்துட்டு வருவாங்களே பெரிய கம்ப்ரசர், அத மெயின் லைன்ல மாட்டி ஒவ்வொரு ஸ்பிரிங்ளரா தெறந்து தண்ணி நின்னு வெறும் பொகை மாதிரி வர்ற வரைக்கும் ஊதணும். பிரஷர் 80 பிஎஸ்ஐ தாண்டக்கூடாது, வேணுங்கறது காத்தோட அளவு, அழுத்தம் இல்ல. தண்ணி போனப்பறமும் ஊதிக்கிட்டே இருந்தா சூடாகி உள்ள இருக்கிற பிளாஸ்டிக் கியர் போயிடும். ஊதுற நேரத்துல ஸ்பிரிங்ளர் மேல குனிஞ்சு பாக்காதீங்க, காத்துக்கு எவ்வளவு வேகம்னு தெரியாம மூஞ்சிய கொண்டு போயிடாதீங்க தம்பிகளா.

நம்ம ஊட்டிலயும் கொடைக்கானல்லயும் கூட கோல்ஃப் இருக்கே, அங்கயும் இதெல்லாம் உண்டா?

அங்க ஸ்னோவும் ஐஸும் கெடயாது, ஆனா உறைபனி உண்டு. கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895லருந்து இருக்கு. ஊட்டில டிசம்பர் ஜனவரில தலைகுந்தா, காந்தல் பக்கம் காலையில புல்லெல்லாம் வெள்ளையா உப்பு தூவுன மாதிரி இருக்கும், போட்டோ எடுக்க ஆளுங்க அது மேலயே நடப்பாங்க. உறஞ்ச இலைய மிதிச்சா உள்ள செல்லு ஒடஞ்சிடும், ரெண்டு நாள்ல கருப்பா, அப்பறம் பழுப்பா ஒவ்வொரு காலடியும் அச்சு அச்சா தெரியும். கனடா ஆகட்டும் ஊட்டி ஆகட்டும், வைத்தியம் ஒண்ணுதான். வெயில் வந்து உருகுற வரைக்கும் யாரையும் உள்ள விடாதீங்க. இந்தியாவுல ஸ்னோவோட பாடுபடணும்னா குல்மார்க்குக்குத்தான் போகணும், 2,650 மீட்டர் ஒசரத்துல இருக்கு, கோடையில கோல்ஃப், குளிர்ல ஸ்கீயிங்.

ஸ்காட்லாந்துல செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்டு கோர்ஸ்ல குளிர்காலம் பூராவும் ஆடுவாங்க, ஆனா நவம்பர்லருந்து மார்ச் வரைக்கும் ஃபேர்வேல, அதாவது கிரீனுக்குப் போற வழியில இருக்கிற நீளமான புல்வெளில, பந்த நேரா புல்லுல வச்சு அடிக்கக்கூடாது, ஒரு குட்டி பாய எடுத்துட்டுப் போய் அது மேல வச்சு அடிக்கணும். அவ்வளவு பேர் பெத்த மைதானத்துலயே அப்படி.

மேல தார்ப்பாய் போட்டு மூடுனா?

போடுவாங்க. காத்து போற வலை மாதிரி கவர் இருக்கு, காஞ்சு போகாம காப்பாத்தும், வசந்தத்துல சூட்டையும் பிடிச்சு வைக்கும். தண்ணி போகாத கவர் ஐஸ்லருந்து காப்பாத்தும், ஆனா அடியில காத்துக்கு வழி வைக்கலன்னா அதுவே மூச்ச முட்ட வச்சிடும். எலியும் உள்ள குடியேறும். வெல ஜாஸ்தி, ஆளும் நெறைய வேணும், அதனால பிரச்சன உள்ள கிரீனுக்கு மட்டும் போடுறது நல்லதுன்னு நான் நெனைக்கிறேன்.

உயிரோட இருக்கா செத்துடுச்சான்னு முன்னாடியே தெரிஞ்சுக்க வழி இருக்கா?

இருக்கு. பிப்ரவரில கதவுக்கு பூட்டு மாட்ட ஓட்டை போடுற ஹோல் சா பிட்ட டிரில்லுல மாட்டி, உறஞ்ச கிரீன்லருந்து ஒரு வட்டத்த வெட்டி எடுத்து, தொட்டில வச்சு ஆபீஸ் சன்னல்ல வெயில் படுற எடத்துல வச்சிடுவோம். ரெண்டு வாரத்துல பச்ச துளிர்த்தா நிம்மதி. எந்த கிரீன், எந்த மூலைன்னு குச்சி நட்டு எழுதி வைங்க. எங்க ஆபீஸ்ல காபி போட வர்ற ஒவ்வொருத்தரும் மொதல்ல அந்த சன்னலுக்குத்தான் போவாங்க.

செத்துப்போனா என்ன பண்றது?

மறுபடி வெதைக்கணும். பெண்ட்கிராஸ் வெதை தூசி மாதிரி இருக்கும், ஒரு கிலோவுல ஒரு கோடிக்கு மேல. செத்த எடத்துல சின்னதா கீறல் போட்டு வெதைய உள்ள எறக்கணும், சும்மா மேல தூவுனா காஞ்சு போயிடும். மண்ணு 10 டிகிரிக்கு கீழ இருந்தா அசையவே அசையாது, 15 பக்கம் வந்தா ஒரு வாரம் ரெண்டு வாரத்துல மொளைக்கும், கவர் போட்டா சூடு சீக்கிரம் ஏறும். பக்கத்துலயே தற்காலிகமா ஒரு கிரீன் வெட்டி ஆட்டத்த அங்க மாத்திடணும். கொஞ்சம் பச்ச தெரிஞ்சதும் தெறந்து விடச்சொல்லி எல்லாரும் நெருக்குவாங்க. விட்டுடாதீங்க, நாத்து வேர் பிடிக்காம அது மேல நடந்தா அந்த சீசனே போச்சு.

இதுல நம்ம ஊர் லானுக்கு எடுத்துக்க ஏதாச்சும் இருக்கா?

ரெண்டு இருக்கு. சித்திரைல லான் பழுப்பாயிடுச்சு, புல்லு செத்துப்போச்சு, பேத்து எறிஞ்சிட்டு புதுசு போடுங்கன்னு ஹோட்டல்காரங்க கூப்பிடுவாங்க. நான் மொதல்ல தூரத்தான் கிள்ளிப் பாப்பேன், உள்ள வெள்ளையா கெட்டியா இருந்தா உயிர் இருக்கு, தண்ணி காட்டுனா வந்துடும். ரெண்டாவது, நம்ம செம்பூரான் மண்ணுல அடியில கெட்டியா பாறை மாதிரி நிக்கிற எடத்துல ஐப்பசி கார்த்திகை மழைத்தண்ணி தேங்கி வேர் அழுகும். ஊரணிப் பக்கம் வாட்டம் பாத்து லான் போடுங்க, புல்லு வாங்குறதுக்கு முன்னாடி வடிகாலுக்கு காச எடுத்து வைங்க.

அண்ணே, எனக்கு அங்க வேலை கெடச்சிருக்கு, குளிர்காலத்துல புல்லே தெரியாதே, என்ன வேலை இருக்கும்?

பெரும்பாலான ஆளுங்களுக்கு நவம்பர் கடைசியோட சீசன் முடிஞ்சிடும், ஏப்ரல்ல திரும்பக் கூப்பிடுவாங்க, இத அக்ரிமென்ட்ல நல்லா பாத்துக்கங்க. நிறுத்தி வைக்கிறவங்களுக்கு மெஷின பிரிச்சு மாட்டுறது, புல்லு வெட்டுற மெஷினோட ரீல் பிளேடு சாணை பிடிக்கிறது, மரம் கழிக்கிறது, ரோட்டுல ஸ்னோ தள்ளுறது. பிளேடு சாணைய ஆர்வமா கத்துக்கங்க, அது தெரிஞ்ச ஆள விட மாட்டாங்க. படிக்க ஆசை இருந்தா ஒன்டாரியோவுலயே குவெல்ஃப்ங்கற ஊர்ல 1987லருந்து புல்லுக்குன்னே தனியா ஆராய்ச்சி நிலையம் இருக்கு, பல்கலைக்கழகத்துல கோர்ஸும் இருக்கு.

பூட்ஸ் மட்டும் இங்கருந்து வாங்கிட்டுப் போகாதீங்க, அங்க போய் ஒரு சைஸ் பெருசா, ரெண்டு சாக்ஸ் போட்டு நடந்து பாத்து வாங்குங்க. பருத்தி சாக்ஸ் வேணாம் தம்பி, ஈரமானா காயாது, கம்பளி சாக்ஸ் நாலு ஜோடி எடுத்துக்கங்க.